நெல்லின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் வேதிப்பொருட்கள்: கொழுப்பு சுமக்கும் புரதத்தை ஆய்வகத்திலும் வயலிலும் சோதிக்க ஒரு முழு வழிகாட்டி

மார்கழிப் பனி இறங்கி, கதிர் தொண்டையில் நிற்கும் நேரத்தில்தான் டெல்டாவின் சம்பாவையும் தாளடியையும் பூஞ்சாணத்தால் வரும் குலை நோய் பதம் பார்க்கிறது. இலையில் கண் வடிவப் புள்ளி தெரிந்த மறுநாளே மருந்துக் கடைக்குப் போகிறோம். அங்கே டிரைசைக்ளசோல் போன்ற பூஞ்சாணக்கொல்லிகளோடு, 'பயிரின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்' என்று எழுதிய பாட்டில்களும் இப்போது நிறைய நிற்கின்றன. சாலிசிலிக் அமிலம், கடற்பாசிச் சாறு, சிட்டோசான் என்று உள்ளே இருப்பது ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி.

இவற்றில் எது உண்மையில் வேலை செய்கிறது, நோய்ச் செய்தியைக் கடத்த உதவும் கொழுப்பு சுமக்கும் செடிப் புரதத்தை எது தூண்டுகிறது என்று பார்க்க விரும்பும் இரண்டு பேருக்காக இதை எழுதுகிறேன். ஒருவர், தஞ்சாவூர், திருச்சி, திருவாரூர் பக்கக் கல்லூரிகளில் உயிர்வேதியியலோ வேளாண்மையோ படித்துக்கொண்டு, திட்ட வேலைக்குத் தலைப்பு தேடும் மாணவர். இன்னொருவர், 10 சென்ட் நிலத்தைச் சோதனைக்கு ஒதுக்கத் தயாராக இருக்கும் விவசாயி. மாணவர் முதலிலிருந்து படிக்கட்டும். விவசாயி 'புரதம் எப்படிப்பட்டது', 'மூன்று வழிகள்' பகுதிகளைப் படித்துவிட்டு நேராகப் படி 4-க்கு, வயலுக்குப் போகலாம்.

புரதம் எப்படிப்பட்டது

செடிகளில் கொழுப்பு கடத்தும் புரதங்கள் என்று ஒரு குடும்பம் இருக்கிறது. 1970களில் பிரான்சில் ழான்-குளோட் காதேர் போன்றவர்கள், ஒரு சவ்விலிருந்து இன்னொரு சவ்வுக்குக் கொழுப்பை எடுத்துச் செல்கிறது என்பதை வைத்து இவற்றைக் கண்டுபிடித்தார்கள். பெயர் அப்படி நிலைத்துவிட்டது. முதல் வகை சுமார் 9 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடை, இரண்டாம் வகை சுமார் 7. புரதங்களில் இது மிகச் சின்னது. கந்தகம் கொண்ட அமினோ அமிலமான சிஸ்டீன்கள் எட்டு சேர்ந்து நான்கு கந்தகப் பிணைப்புகளாகக் கட்டிவைத்திருப்பதால் சூட்டைத் தாங்கும், எளிதில் செரிக்கவும் செரிக்காது. பார்லியின் இந்தப் புரதம் காய்ச்சுதல், நொதித்தல் எல்லாம் தாண்டி பீரின் நுரை வரை வந்து சேர்வதற்கும், பீச் பழ ஒவ்வாமைக்கு இதே குடும்பப் புரதம் காரணமாவதற்கும் அந்த உறுதியே காரணம்.

நடுவில் எண்ணெய்த்தன்மை கொண்ட ஒரு குழி, வெளிப்புறம் தண்ணீரோடு ஒத்துப்போகும். நீந்தத் தெரியாதவரைக் காவிரியில் அக்கரை சேர்க்கும் பரிசல் போல, தண்ணீரில் கரையாத கொழுப்பை உள்ளே வைத்துக்கொண்டு செல்களுக்கு வெளியே உள்ள நீர்ப்பகுதியில் நகர்கிறது. இலையின் மேல் மெழுகு படிவதிலும் இதற்குப் பங்கு உண்டு.

நோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு? 2002-ல் ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் டிஐஆர்1 என்ற இந்த வகைப் புரதம் இல்லாத ஒரு திரிபைப் பார்த்தார்கள். நோய் தாக்கிய இலை அந்த இடத்தில் சரியாகவே போராடியது. ஆனால் 'நோய் வந்துவிட்டது' என்ற செய்தி மற்ற இலைகளுக்குப் போய்ச் சேரவில்லை. தாக்கப்படாத இலைகள் எச்சரிக்கையே இல்லாமல் இருந்தன. 2008-ல் வெளியான படிக அமைப்பில், டிஐஆர்1-இன் குழிக்குள் இரண்டு கொழுப்பு மூலக்கூறுகள் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்தன.

இதைவிட நேரடியான சான்று புகையிலையிலிருந்து கிடைத்தது. 2004-ல் பிரான்சில் நடந்த ஆய்வில், புகையிலையின் கொழுப்பு கடத்தும் புரதத்தைத் தனியாகக் கொடுத்தால் ஃபைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரால் வரும் நோய்க்கு எதிர்ப்பு கூடவில்லை. செடியின் பாதுகாப்பு ஹார்மோனான ஜாஸ்மோனிக் அமிலத்தைத் தனியாகக் கொடுத்தாலும் கூடவில்லை. இரண்டையும் சேர்த்து, அமிலம் புரதத்தின் குழிக்குள் ஏறிய நிலையில் கொடுத்தபோதுதான் கூடியது. அந்தக் கூட்டு, செல் சவ்வில் உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டியது. நாம் தேடும் தூண்டலுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஜாஸ்மோனிக் அமிலத்தின் உறவுப் பொருளான மெத்தில் ஜாஸ்மோனேட்டை 1962-ல் முதலில் பிரித்தெடுத்தது நம் பூக்கடைகளில் விற்கும் சாதிமல்லியின் எண்ணெயிலிருந்துதான்.

மூன்று வழிகள்: இதைப் பிரிக்காமல் தொடங்காதீர்கள்

ஒரு பொருள் இந்தப் புரதத்தைத் தூண்டுகிறது என்றால் மூன்றில் ஒன்று நடக்கலாம்.

ஒன்று, அந்தப் பொருளே குழிக்குள் ஏறி, புரதத்தின் நடத்தையை மாற்றுகிறது. புகையிலையில் ஜாஸ்மோனிக் அமிலம் செய்தது இது.

இரண்டு, பொருள் குழிக்குள் ஏறுவதில்லை. ஆனால் புரதம் தன் வேலையைச் செய்ய அது கூட இருக்க வேண்டும். டிஐஆர்1-உம், செடியிலேயே இருக்கும் கிளிசரால்-3-பாஸ்பேட் என்ற சின்ன மூலக்கூறும் அப்படித்தான். ஒன்றில்லாமல் மற்றொன்று செய்தியைக் கொண்டு சேர்க்க முடிவதில்லை. அசெலாயிக் அமிலமும் இந்தப் பக்கம்தான் வரும். ஒன்பது கார்பன் கொண்ட இந்த அமிலம் செடியை முன்கூட்டியே தயார்ப்படுத்துகிறது என்றும், அதற்கு ஏஇசட்ஐ1 என்ற இதே குடும்பத்துப் புரதம் தேவை என்றும் 2009-ல் காட்டினார்கள். முகப்பருக் களிம்பில் இருக்கும் அதே அமிலம்தான் இது.

மூன்று, பொருள் செடியின் பாதுகாப்பு வழியை எங்கோ மேலே தட்டுகிறது. அதன் விளைவாக இந்தப் புரதத்தின் அளவும் கூடலாம், மற்ற பல புரதங்களின் அளவும் கூடலாம். சாலிசிலிக் அமிலம், அதைப் போலவே செயல்படும் செயற்கைப் பொருளான அசிபென்சோலார், ஜப்பானில் 1975 முதல் நெல் குலை நோய்க்குப் பயன்படும் புரோபெனசோல் எல்லாம் இங்கேதான். இவற்றைப் புரதத்தோடு ஒட்டுகிறதா என்று சோதனைக் குழாயில் பார்த்து, 'ஒட்டவில்லை, அதனால் பயனில்லை' என்று தூக்கிப் போட்டால் தவறு. வயலில் பயன் தெரிந்ததால் 'புரதத்தை நேரடியாகத் தூண்டுகிறது' என்று எழுதினாலும் தவறு. கடைப் பாட்டில்களின் விளம்பரத்தில் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது தவறு.

நெல்லுக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. புகையிலையிலும் அராபிடாப்சிஸிலும் நோய் வந்த பிறகு சாலிசிலிக் அமிலம் ஏறும். நெல் இலையிலோ அது சாதாரண நாளிலேயே மிக அதிகமாக இருக்கிறது. அதனால் வெளியிலிருந்து கொஞ்சம் தெளித்தால் அதே விளைவு வரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வேறு செடியில் கிடைத்த முடிவை நெல்லில் சோதிக்காமல் நம்ப வேண்டாம்.

படி 1: தவிட்டிலிருந்து புரதம் எடுப்பது

டெல்டாவில் அரிசி ஆலைக்குப் பஞ்சமில்லை, மூலப்பொருள் பிரச்சினையே இல்லை. பச்சை நெல் அரைத்த அன்றே வரும் புதுத் தவிடாக வாங்குங்கள். புழுங்கல் தவிடு வேண்டாம். ஆவியில் வெந்ததில் மற்ற புரதங்கள் உறைந்து பிரித்தெடுப்பு சிக்கலாகிவிடும்.

எண்ணெயை முதலில் நீக்க வேண்டும். ஹெக்சேன் கொண்டு செய்வது வழக்கம். அது சட்டென்று தீப்பிடிக்கும், எனவே புகைபோக்கிப் பெட்டிக்குள், ஆசிரியர் அருகில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். காய்ந்த தவிட்டை அதன் எடையைப் போல் பத்து மடங்கு உப்புக் கலந்த தாங்கல் கரைசலில் போட்டு, 4 டிகிரியில் இரவு முழுக்கக் கலக்கி, வடிகட்டுங்கள். அம்மோனியம் சல்பேட்டை 40 சதவீதச் செறிவு வரை சேர்த்து வரும் படிவை ஒதுக்கிவிட்டு, 80 சதவீதம் வரை சேர்த்தபின் படிவதை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்குவதற்கு இந்த அளவுகள் போதும். ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் எடுத்து வைத்து ஜெல்லில் ஓட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

இதன் பிறகுதான் பெரும்பாலோர் புரதத்தைத் தொலைக்கிறார்கள். உப்பை நீக்க ஆய்வகத்தில் வழக்கமாக இருக்கும் சவ்வுக்குழாய் 12 முதல் 14 கிலோடால்டன் வரையுள்ளவற்றை வெளியே விட்டுவிடும். நம்முடையது 9. இரவு ஊறவைத்துக் காலையில் பார்த்தால் குழாய்க்குள் நமக்கு வேண்டியது இருக்காது. 3.5 கிலோடால்டன் சவ்வு கேட்டு வாங்குங்கள். கரைசலில் டிடிடி (DTT), மெர்காப்டோஎத்தனால் போன்ற, கந்தகப் பிணைப்பை உடைக்கும் எதையும் சேர்க்காதீர்கள். கந்தகப் பிணைப்பு உடைந்தால் குழியே இருக்காது.

அப்புறம் 80 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கினால் பல புரதங்கள் திரிந்து அடியில் போகும், நம்முடையது மேலே நிற்கும். இந்தப் புரதம் காரத்தன்மை கொண்டது. நேர்மின் அயனிப் பரிமாற்றக் கம்பத்தில் நன்றாக ஒட்டும். உப்பின் அளவைக் கூட்டிக்கொண்டே இறக்கலாம். தவிட்டில் உள்ள டிரிப்சின் தடுப்பான்களும் சூட்டைத் தாங்கிக் கூடவே வரலாம் என்பதால், ஜெல்லில் பட்டையைப் பார்த்தவுடன் முடிவு கட்டாமல் நிறைநிறமாலையில் எடையை உறுதிசெய்யுங்கள்.

இன்னொரு விஷயம்: தவிட்டிலிருந்து வரும் புரதத்தின் குழி காலியாக இருக்கும் என்று உறுதி இல்லை. செடியின் சொந்தக் கொழுப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கலாம். அசிட்டோநைட்ரைல் கொண்டு தலைகீழ் நிலை நிறப்பிரிகையில் ஒருமுறை ஓட்டினால் அது கழன்றுவிடும். அந்தக் கருவி உங்கள் கல்லூரியில் இல்லாவிட்டால் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் கட்டிச் செய்யலாம்.

படி 2: ஒளிரும் சாயத்தால் ஒட்டுதலைப் பார்ப்பது

டிஎன்எஸ் (TNS) என்ற சாயம் தண்ணீரில் மங்கலாகவும், எண்ணெய்த்தன்மையுள்ள குழிக்குள் பளிச்சென்றும் ஒளிரும். சாயத்தைக் குழிக்குள் ஏற்றிவிட்டு, நம் பொருளைச் சேர்க்கிறோம். பொருள் சாயத்தை வெளியே தள்ளினால் ஒளி குறையும். சோதனை இவ்வளவுதான்.

பிஎச் 7 உள்ள தாங்கலில் சாயம் 3 மைக்ரோமோலார் எடுங்கள். 320 நானோமீட்டரில் ஒளியூட்டி, 437-ஐ ஒட்டிய பகுதியில் படியுங்கள். முதல் அளவு சாயம் மட்டும். புரதத்தை 1 மைக்ரோமோலார் சேர்த்து, இரண்டு நிமிடம் விட்டு இரண்டாவது அளவு. பிறகு உங்கள் பொருளை 1-இலிருந்து 100 மைக்ரோமோலார் வரை படிப்படியாகக் கூட்டி ஒவ்வொன்றையும் படியுங்கள். நிச்சயம் ஒட்டும் என்று தெரிந்த லைசோபாஸ்பாட்டிடைல்கோலின் என்ற கொழுப்பை ஒப்பீட்டுக்கு வையுங்கள். டிடிடி போட்டுக் குழியைக் குலைத்த புரதத்தை எதிர் ஒப்பீடாக வையுங்கள்.

ஏமாற வாய்ப்புள்ள இடங்கள் இரண்டு. சாலிசிலிக் அமிலம் தானே நீல ஒளி வீசும். அதன் ஒளி டிஎன்எஸ்-இன் ஒளிமேல் ஏறிக்கொள்ளும். புரதம் இல்லாமல் பொருளும் சாயமும் மட்டும் உள்ள அளவை ஒவ்வொரு செறிவிலும் எடுத்துக் கழிக்காவிட்டால் வரைபடம் பொய் சொல்லும். இரண்டாவது, நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்களும் லைசோபாஸ்பாட்டிடைல்கோலினும் செறிவு கூடும்போது தாங்களே திரண்டு உருண்டையாகும். சாயம் அந்த உருண்டைக்குள் போய் ஒளிரும். குறைய வேண்டிய ஒளி கூடினால் இதைச் சந்தேகியுங்கள்.

இந்தச் சோதனை முதல் வழியை மட்டுமே காட்டும். ஒட்டுவதெல்லாம் தூண்டாது. சாதாரணக் கொழுப்பு அமிலங்களே நன்றாக ஒட்டும், அதற்காக அவை எல்லாம் நோயைத் தடுப்பதில்லை.

படி 3: தொட்டிச் செடி

ஆந்திரா பொன்னி என்று நாம் சொல்லும் பிபிடி 5204, அல்லது கோ 39 எடுங்கள். இரண்டும் குலை நோய்க்கு எளிதில் ஆளாகும், அதனால் வித்தியாசம் தெரியும். நான்கு இலைப் பருவத்தில் தண்ணீர் மட்டும், பொருள் மட்டும், புரதம் மட்டும், இரண்டும் சேர்ந்தது என்று நான்கு பிரிவு வையுங்கள். புகையிலை ஆய்வின் பலமே இந்த நான்கு பிரிவுகளில்தான் இருந்தது.

தெளித்து மூன்று முதல் ஐந்து நாள் கழித்துப் பூஞ்சாண வித்தைத் தெளிக்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 1 லட்சம் வித்துகள், ஒரு நாள் இருட்டில் முழு ஈரப்பதம், ஏழாம் நாள் புள்ளிகளை எண்ணுவது என்பது வழக்கமான முறை. இதைத் தாவர நோயியல் ஆய்வகத்துக்குள், அந்தத் துறையினரின் மேற்பார்வையில் மட்டும் செய்யுங்கள். சுற்றிலும் நெல் வயல் உள்ள ஊரில் வீட்டு முற்றத்தில் வைத்துச் செய்யக் கூடாது.

கூடவே இரண்டு சரிபார்ப்புகள். பொருளை உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் கலந்து அதன் மேல் பூஞ்சாணத்தை வளர்த்துப் பாருங்கள். வளர்ச்சி தடைபட்டால் பூஞ்சாணத்தைத் தாக்குவது அந்தப் பொருளே, செடியின் எதிர்ப்பு என்று சொல்ல முடியாது. அடுத்தது புளிப்பு. சாலிசிலிக் அமிலக் கரைசலின் பிஎச் நல்ல தண்ணீரில் 3-க்குப் பக்கம் இறங்கிவிடும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு 6.5-க்குக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் அமிலச் சூட்டின் விளைவை மருந்தின் விளைவாக எண்ணிவிடுவோம்.

ஜாஸ்மோனிக் அமிலம், அசெலாயிக் அமிலம் இரண்டையும் தொட்டியோடு நிறுத்துங்கள். ஜாஸ்மோனிக் அமிலம் பயிரின் வளர்ச்சியைக் கட்டிப்போடும்; விலையும் வயலுக்குத் தாங்காது. சாப்பிடும் நெல்லில், எந்தப் பயிருக்கும் லேபிளோ பரிந்துரையோ இல்லாத ஆய்வக வேதிப்பொருளை அடிப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

படி 4: வயலில் 10 சென்ட்

"பூஞ்சாணத்தைக் கொல்லாத மருந்துக்கு எதுக்குத் தம்பி காசு?" என்று விவசாயிகள் கேட்பது நியாயமான கேள்வி. டிரைசைக்ளசோல் பூஞ்சாணத்தின் கருநிறமி உற்பத்தியைத் தடுத்து, அது இலையைத் துளைக்க முடியாமல் செய்கிறது. தூண்டும் பொருள் பூஞ்சாணத்தைத் தொடுவதே இல்லை. நோய் வந்தபின் அடித்தால் பயன் கிடையாது. ஆனால் ஏற்றுமதிக்குப் போகும் அரிசியில் டிரைசைக்ளசோலின் எச்ச வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது. பூஞ்சாணக்கொல்லியை ஒரு முறையாவது குறைக்க வழி கிடைக்குமா என்று பார்ப்பதில் பொருள் இருக்கிறது.

வயலுக்கு மூன்று பிரிவு போதும்: தண்ணீர், சாலிசிலிக் அமிலம் லிட்டருக்கு 100 மில்லிகிராம், சூடோமோனாஸ் புளோரசன்ஸ் 0.2 சதவீதம், அதாவது லிட்டருக்கு 2 கிராம். சாலிசிலிக் அமிலத்தின் இந்த அளவு புதிதல்ல. சம்பா அறுவடையை ஒட்டிய ஈரத்தில் நாம் விதைக்கும் உளுந்துக்கும் பயறுக்கும் பூக்கும் முன் தெளிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவே இது. நெல்லில் இது குலை நோயைக் குறைக்கிறதா என்பதுதான் நாம் சோதிப்பது. சூடோமோனாஸ் உயிருள்ள பாக்டீரியா. அது செடியின் எதிர்ப்பை வேறொரு வழியாகத் தட்டுகிறது, அதில் ஜாஸ்மோனேட்டுக்கும் பங்குண்டு. அதனால்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

ஒவ்வொரு துண்டும் 1 சென்ட். மூன்று பிரிவும் மூன்று முறை வரவேண்டும், ஆக 9 சென்ட். மூன்று பிரிவுகளையும் ஒரே பகுதியில் அருகருகே வைத்து, அடுத்த பகுதியில் சீட்டுக் குலுக்கி வரிசையை மாற்றுங்கள். வாய்க்கால் தலைமாடு, கடைமாடு இரண்டிலும் தண்ணீரும் உரமும் ஒன்றாக நிற்காது. ஒரே பிரிவு முழுக்கத் தலைமாட்டில் விழுந்தால் கணக்கு கெட்டுவிடும். யூரியாவை எல்லாத் துண்டுக்கும் ஒரே நாளில், ஒரே அளவில், பிரித்துப் போடுங்கள். தழைச்சத்து கூடினால் குலை நோயும் கூடும்.

1 சென்ட்டுக்கு 2 லிட்டர் கரைசல் சரியாக இருக்கும். அதற்கு 200 மில்லிகிராம் சாலிசிலிக் அமிலம் வேண்டும். கடைத் தராசில் இதை எடை போட முடியாது. கல்லூரி ஆய்வகத்திலோ நகைக்கடைத் தராசிலோ நிறுத்து, பொட்டலமாகக் கட்டிக்கொள்ளுங்கள். தூள் தண்ணீரில் சீக்கிரம் கரையாது. கொஞ்சம் எரிசாராயத்தில் கரைத்துவிட்டு ஊற்றுங்கள், அதே அளவு எரிசாராயத்தைத் தண்ணீர்த் துண்டுக்கும் சேருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர்த்தண்ணீர் உப்பாக இருக்கும். ஆற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பயன்படுத்துங்கள். கையுறை, முகக்கவசம் கட்டாயம்.

முதல் தெளிப்பு தூர் கட்டி முடியும் நேரத்தில், இலையில் புள்ளி தெரிவதற்கு முன். இரண்டாவது, கதிர் தொண்டையில் இருக்கும்போது. வடகிழக்குப் பருவமழை நடுவே நாள் பார்ப்பது சிரமம்தான். தெளித்தபின் அரை நாளாவது மழை இல்லாத நாளாகத் தேர்ந்தெடுங்கள். சூடோமோனாஸ் அடிக்கும் தெளிப்பானைத் தனியாக வையுங்கள். பூஞ்சாணக்கொல்லி ஒட்டியிருந்த டேங்கில் ஊற்றினால் பாக்டீரியா செத்துப்போகலாம்.

படி 5: எண்ணுவது

ஓரத்து இரண்டு வரிசையை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் உள்ளே 25 குத்து பார்த்து, இலைக் குலை நோய்க்கு 0 முதல் 9 வரை உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவன அளவுகோலில் மதிப்பெண் போடுங்கள். கதிர் முற்றும் வேளையில் துண்டுக்கு 100 கதிர் பார்த்து, கழுத்து கறுத்தவை எத்தனை என்று எழுதுங்கள். விளைச்சலைக் கெடுப்பது கழுத்துக் குலை நோய்தான், அதனால் இந்த எண்ணுக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். எண்ணுகிறவருக்கு எந்தத் துண்டில் எது அடித்தது என்று தெரியக் கூடாது. அடித்தவர் ஒருவர், எண்ணுபவர் வேறொருவர் என்று வையுங்கள்.

நடுவில் நோய் தீவிரமானால் சோதனைக்காக வயலைப் பலி கொடுக்க வேண்டாம். அன்றைக்கே எண்ணி எழுதிவிட்டு, பரிந்துரைத்த பூஞ்சாணக்கொல்லியை எல்லாத் துண்டுக்கும் அடியுங்கள். அதற்கு முந்தைய கணக்கு செல்லும். தண்ணீர்த் துண்டிலேயே நோய் வரவில்லை என்றால் அந்தப் பருவம் எதையும் சொல்லாது, மறு பருவம்தான்.

மூன்று பகுதிகளிலும் சாலிசிலிக் அமிலத் துண்டு தண்ணீர்த் துண்டைவிடத் தெளிவாகக் குறைவான கழுத்துக் குலை காட்டினால் தொடரலாம். இரண்டில் குறைந்து ஒன்றில் கூடினால் இன்னும் முடிவு இல்லை. நோட்டை ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கோ, நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கோ எடுத்துப் போய்க் காட்டுங்கள். தேதி, ரகம், யூரியா அளவு, மழை நாள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அவர்களும் சரி என்றால் அடுத்த சம்பாவில் ஒரு மாவுக்குப் போகலாம். 33 சென்ட்டுக்கு 66 லிட்டர் கரைசல், அதில் 6.6 கிராம் சாலிசிலிக் அமிலம். பக்கத்தில் தெளிக்காத ஒரு பட்டையை அப்போதும் விட்டுவையுங்கள்.